பழுப்பேறாத தாள்

ஆணியில் குத்தியிருந்த பழைய தாள்களைக் கிழித்துப் போடலாம் என்று உருவிய டாக்டர் சூசைமாணிக்கத்தின் கை பாதியில் நின்றுவிட்டது. விரலில் ஊசியால் குத்தி, வரும் சொட்டைத் தாளில் ஒற்றி, புத்தகத்தில் அச்சிட்ட பத்துச் சிவப்புகளோடு ஒத்துப் பார்த்தால் உடம்பில் ரத்தம் நூற்றுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். முப்பத்தெட்டாம் வருஷத்தில் ஜலகண்டாபுரத்துக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தவர் தாம்தான் என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒற்றிய ரத்தம் நாளாக ஆகப் பழுப்பேறிவிடும். எல்லாத் தாளும் அப்படித்தான் கிடந்தன. ஒன்று மட்டும் மூன்று வாரம் கழித்தும் செக்கச்செவேல் என்றிருந்தது. ஓரத்தில் அவருடைய கையெழுத்து: உண்ணாமலை, ஏழு மாசம், எண்பது.

தறிக்காரன் பச்சமுத்துவின் பெண்சாதி உண்ணாமலை. நாளெல்லாம் நூலுக்குச் சிவப்புச் சாயம் முக்குகிறவள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவளின் சாயம் ஊறிய விரலையே ஸ்பிரிட்டால் துடைத்துக் குத்தினார். ஸ்பிரிட் சாயத்தை இளக்கித் தாளில் இறக்கியிருக்கிறது. மகா கெட்டிக்காரர், பச்சமுத்துவின் சாயத்தொட்டியை அளந்து எண்பது என்று எழுதிவைத்திருக்கிறார்! கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். தாள் சொல்லிவிட்டதே என்று அதைக்கூடச் செய்யவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

உண்ணாமலை தறிக்குழி ஓரமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இமையை இழுத்தார். உள்ளே சோற்றுப் பருக்கை மாதிரி வெளுப்பு. காது மடலில் குத்திப் புதுத் தாளில் ஒற்றினார். கறி கழுவின தண்ணீர் நிறத்தில் ஒரு வட்டம் பரவியது. இருபதுகூட இல்லை.

"காலைல இருந்து இடுப்பு வலிக்குதுங்க" என்றாள். அதைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

இன்னும் மாதம் நிறையவில்லை. இந்த உடம்பிலிருந்து பிரசவத்தில் ஓர் ஆழாக்கு ரத்தம் போனாலும் தாங்காது. இரும்புச்சத்து மருந்தை இன்று கொடுத்து நாளைக்கு ரத்தம் ஊற வைக்க முடியுமா? அன்றே கொடுத்திருந்தால் மூன்று வாரம் கிடைத்திருக்கும்.

"பச்சமுத்து, இப்பவே சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். பஸ் போயிருச்சு, வண்டி கட்டச் சொல்லு. நானும் வாரேன்."

"ஏனுங்க டாக்டருங்க, ரத்தம் நல்லாருக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அதை நம்பித்தானுங்க நேத்து வரைக்கும் சாயத்துல நிக்க உட்டேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்தது.

"தப்பாப் பாத்துட்டேன் பச்சமுத்து. தப்பு என்னோடதுதான்."

அது அவன் காதில் ஏறவேயில்லை. பக்கத்து வீட்டுக் காளியப்பனை வண்டி கட்டச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு வந்து, அவளுடைய வலது கையை மெல்லத் தூக்கி டாக்டரிடம் நீட்டினான்.

"காதுல குத்துனா என்னத்தைங்க தெரியும்? போன தடவை மாதிரி விரல்ல குத்திப் பாருங்க சாமி. விரல்லதானுங்க நல்லா இருந்துச்சு."

வாசலில் மாட்டை நுகத்தடிக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. மணிக்கட்டுக்கு மேலே சுண்ணாம்பாய் வெளுத்த அந்தக் கை, மணிக்கட்டுக்குக் கீழே நல்ல சிவப்பாய் விரிந்தபடி அவர் முன்னால் நீண்டிருந்தது.