இருபது விழுந்ததால் செத்தவன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு லிஃப்டுக்குள் கிடைத்தது. எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக், கை நிறைய கிரீஸோடு சொன்னார்: "எங்க வீட்டம்மா போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு ஒரு கொலை பண்ணிட்டாங்க சார். அதுலேருந்து அவங்களுக்குச் சோறே எறங்கல."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம்தான் "விளையாட்டுல சார்" என்றார். பாவி மனுஷன், அதை முதலில் சொல்லக் கூடாதா?

2

முதல் தொடக்கம்: "கோட்டை வாசலில் இரத்தம் உறைந்து..." வேண்டாம். இரத்தமே கிடையாது. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஆளுக்கொரு தாள், இருபது முகமுள்ள பகடை, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கொலைத் தீர்ப்புகளை டைப் அடிக்கும் பெண்மணி ஒருவர்..." இது தேவலை. இவர்தான் மெக்கானிக்கின் மனைவி. தட்டச்சர் என்றே சொல்கிறேன்.

விளையாட்டில் கதையை நடத்துகிறவர் அவருடைய தம்பி. பல்செட் செய்கிறவர். கோட்டை, காடு, அரக்கர் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேஷம். தட்டச்சர் வாள் பிடிக்கிறவர். தம்பி மனைவி நிஜத்தில் நர்ஸ். அங்கேயும் காயம் ஆற்றுகிறவள். மெக்கானிக் திருடன்.*

* அதில் அவருக்குப் பெருமை வேறு.

அக்கா வீடும் தம்பி வீடும் மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவை. என்ன சண்டை என்று மெக்கானிக் சொல்லவில்லை. நானே ஒன்றை இட்டுக்கட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஞாயிறு மதிய விளையாட்டுதான் அவர்களை மறுபடி ஒரே மேசையில் உட்கார வைத்தது. அது நின்றால் பேச்சும் நின்றுவிடும். தட்டச்சருக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

3

கோட்டைக்குள் நைசாக நுழைகிறார்கள். காவலன் ஒருவன் எதிரே வருகிறான். தம்பி சொல்லி முடிப்பதற்குள் தட்டச்சர் பகடையை உருட்டிவிட்டார். இருபது! அது விழுந்தால் வெட்டு தப்பவே தப்பாது. ஆறு மாதத்தில் அவருக்கு விழுந்த முதல் இருபது. குழந்தை மாதிரி கைதட்டினார்.

"அண்ணி, அவன் ஈட்டியக் கீழ போட்டுட்டான். கையத் தூக்கிட்டான். விட்டுருங்க" என்றாள் நர்ஸ்.

"இருபதும்மா! இத எப்படி வீணாக்குறது? வெட்டிட்டேன்."

செத்தான். விதிப்புத்தகப்படி ஐம்பது புள்ளி.

"இனிமே உங்க காயத்துக்கு நான் மருந்து போட மாட்டேன்" என்றாள் நர்ஸ்.

"அட, அவன் வெறும் பேப்பர்தானே?"

"வெட்டுனது நீங்கதானே அண்ணி. நீங்க பேப்பர் இல்லையே."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

(இந்த இடத்தில் எனக்குக் கட்டுரை எழுதக் கை அரித்தது. கற்பனைக் கொலைக்குச் சட்டத்தில் தண்டனை கிடையாது. இருந்தால், எழுதிய கதைகளுக்காகவே நான் உள்ளே போயிருப்பேன். ஆனால் தண்டனை இல்லை என்பதனாலேயே அது தப்பில்லை என்று... இந்த வாக்கியத்தை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். மூன்றும் பொய்யாக இருந்தன.)

4

மறு ஞாயிறு நர்ஸ் வந்தாள். புருஷன் கெஞ்சியதால் வந்தாள். ஓரமாக உட்கார்ந்தாள்.

"அக்கா, அவன் சாகல, வெறும் மயக்கம்தான்னு மாத்திடுறேன். விடு" என்றார் தம்பி.

நானும் அதைத்தான் எழுதினேன்: "காவலன் மெல்லக் கண்..." தட்டச்சர் ஒப்பவில்லை.

"வேணாம்டா. அவன எழுப்பிவிட்டா நான் பண்ணது இல்லன்னு ஆயிடும். அவன் பேரென்ன?"

தம்பி தாளைப் பார்த்தார். "காவலன் மூணு."

"நான் டைப் பண்ணின ஒரு தீர்ப்புலகூடச் செத்தவங்க நம்பரா இருந்ததில்ல. வயசு, வீடு, கூடப் பொறந்தவங்க, எல்லாம் இருக்கும். அவனுக்கு யாரு இருக்கா, சொல்லு."

தம்பி திணறித் திணறிச் சொன்னார். வயது முப்பத்தொன்று. மனைவி உண்டு. அன்று அவனுக்கு விடுப்பு. நண்பனுக்காக வந்து நின்றவன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்த தட்டச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லாத ஒருவனுக்காக அழுவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுதார்.

"அவன் வீட்டுக்குப் போறேன். நான்தான் வெட்டுனேன்னு சொல்றேன். அப்புறம் அந்த ஊர் கோர்ட்டு என்ன தீர்ப்பு சொன்னாலும் சரி."

"ஆள விடு தாயே" என்றார் மெக்கானிக். "திருடனுக்குக் கோர்ட்டுல என்ன வேலை?"

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. நர்ஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு தட்டச்சர் பக்கத்தில் வந்தாள்.

"ஒத்தையில போகாதீங்க அண்ணி. நானும் வர்றேன்."

இதை வைத்தே கதையை முடித்திருக்கலாம். எனக்குத்தான் மனசு வரவில்லை.

5

"கதவத் தட்டுறீங்க" என்றார் தம்பி. "அவன் பொண்டாட்டி வர்றா. அவளா யாராச்சும் பேசணும். என்னால முடியாதுப்பா."

நாலு பேரில் யாரும் அந்த வேஷத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக் சொன்னது இதுவரைதான். லிஃப்ட் சரியாகிவிட்டது, போய்விட்டார்.

அவள் அறைந்தாள் என்று எழுதினேன். மன்னித்தாள் என்று எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். முதல் வரியிலிருந்து நான் வெட்டியவர்கள் பக்கமே நின்றிருக்கிறேன். அவள் பேச்சை நான் எப்படிப் பேசுவது?

மேசைக்கு ஐந்தாவது நாற்காலி ஒன்று போட்டாயிற்று. உட்காருங்கள். நீங்கள்தான் அவன் மனைவி. வாசலில் இரண்டு பெண்கள். ஒருத்தி கையை இன்னொருத்தி இறுகப் பிடித்திருக்கிறாள். "நான்தான்" என்கிறாள் மூத்தவள். கையில் வாள் இல்லை.

உங்கள் முறை.