மண் பூசிய கிழங்கு

இராக்கம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதுளைக் கடைத்தெருவில், மொஹிதீன் முதலாளியின் கடை வாசலில் அவளுடைய உருளைக்கிழங்குச் சாக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. காலையிலிருந்து ஒரு கிழங்கு நகரவில்லை. "பகல் பஸ் வாறதுக்குள்ள வித்தா வாராவாரம் எடுக்கிறேன். இல்லாட்டி தூக்கிட்டுப் போயிரணும்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் புருஷன் ரெங்கசாமி கால் ஒடிந்து, வேலையிலிருந்து பேர் வெட்டப்பட்டுக் கிடக்கிறான். குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட இந்தக் கிழங்குப் பாத்தியை விட்டால் அடுப்பெரிய வேறு வழியில்லை.

சாக்கில் "ஊர்க் கிழங்கு" என்று அட்டை எழுதிச் செருகியிருந்தது. பக்கத்தில் முதலாளியின் குவியல். அதிலும் அதே அட்டைதான். ஆனால் அது செம்மண் அப்பிய கிழங்கு. வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் கையை விட்டார்கள்.

கடைக்கு வழக்கமாக வரும் ஸுபைதா இராக்கம்மாவின் கிழங்கு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு பளபளன்னு ஈக்குதே, இது கப்பல்ல வந்த வெளிநாட்டுக் கிழங்கு. அட்டையில என்னத்தையும் எழுதலாம்."

"சத்தியமா எங்க பாத்தியில வெளஞ்சதுங்கம்மா! டவுன் ஆளுங்க சுத்தமாக் கேப்பாங்கன்னு எங்க வீட்டுக்காரரு விடியுமுன்ன பீலியில கொட்டுற தண்ணியில ஒக்காந்து, தேங்காத் தும்பு வச்சுத் தேச்சாருங்க."

"ஊர்க் கிழங்குன்னா மண்ணு ஈக்கணும். எனக்கே கதை சொல்ல வாறியா?"

ஸுபைதா மண் குவியலில் இரண்டு இறாத்தல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒடிந்த காலை நீட்டிக்கொண்டு தேய்த்தானே மனுஷன்! இராக்கம்மாவுக்கு அழுகை முட்டியது. முகம் கழுவக் கடையின் கொல்லைக்குப் போனாள்.

அங்கே முதலாளி குந்தியிருந்து, கப்பலில் வந்த கிழங்கைச் செம்மண் குழம்பில் புரட்டிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"அடப் பாவி மனுஷா!" என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். சொல்லிவிட்டால் சாக்கு தெருவுக்கு வரும். நியாயம் பேச வயிறு விட்டால்தானே!

"மொதலாளி, அந்த மண்ணுல எனக்கும் கொஞ்சம் தாங்க."

அவர் தலையைத் தூக்காமல் வாளியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பகல் பஸ் வருமுன் சாக்கு காலி. கடைசிக் கிழங்கை வாங்கியவள் மோந்து பார்த்து, "வாசத்துலயே தெரியுது, இதுதான் அசல்" என்றாள். "அடுத்த ஞாயிறும் கொண்டா" என்றார் முதலாளி. சந்தோஷப்படவேண்டிய இராக்கம்மாவுக்குப் பஸ்ஸிலும் இருப்புக்கொள்ளவில்லை.

லயத்து வாசலில் ரெங்கசாமி காத்திருந்தான். வெறும் சாக்கைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் பல்.

"நான் சொன்னேன்ல? கழுவுனதப் பாத்துத்தானே அள்ளிக்கிட்டுப் போனாங்க?"

நகக்கண்ணில் செம்மண் ஒட்டியிருந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள்.

"அப்ப அடுத்த சாக்கையும் இன்னைக்கே தேச்சு வச்சுடுறேன்" என்று அவன் தும்பை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பீலிக்குக் கிளம்பினான்.