முதல் குடத் தண்ணீர்

முப்பது அடி ஆழத்தில் ஓடும் குழாய்த் தண்ணீரை மேலே நின்றே மோந்து, முந்தாநாள் எந்த வீட்டில் சட்டி கருகியது என்றுகூடச் சொல்லிவிடுவாராம், தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர். குடிநீர் வாரியத்தில் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அவர் மூக்குதானாம். ஆள் எட்டு வருஷம் கழித்துத்தான் சேர்ந்தாராம். கேட்டவர்கள் ரசித்துச் சிரித்து, பாதியாவது நம்பினார்கள். அவர் மனைவியின் தம்பி மட்டும் நம்பவில்லை. அதே வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். பரிசோதனைப் பாட்டில் சொன்னால்தான் அவனுக்கு வேதம்.

அந்த மாதம் ஒரு முட்டுச்சந்தில் வாந்தி பேதியில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று செத்தது. தம்பி ஓடினான். விதிப்படி குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டான், கிருமி சாகக் குழாய் வாயைத் தீயில் காட்டினான், மருந்து போட்ட சின்னப் பாட்டிலில் பிடித்தான். கழிவு கலந்திருந்தால் மறுநாள் அது கறுத்துவிடும். கறுக்கவில்லை. மூன்று தடவை பிடித்தும் கறுக்கவில்லை. மூன்று தடவையும் ‘சுத்தம்’ என்று கையெழுத்துப் போட்டான்.

“மாப்ள, அந்தத் தண்ணியில சாக்கடை நாத்தம் அடிக்குது. மொதல்ல வர்ற தண்ணியப் புடி” என்றார் வால்வுக்காரர்.

“அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத்தான் மாமா புடிக்கணும். அதான் விதி.”

“விதியா? ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் வர்ற தண்ணி. அங்க எவ அஞ்சு நிமிஷம் கீழ விடுவா? தண்ணி நின்னதும் காலிக் குழாய் பக்கத்துச் சாக்கடைய உறிஞ்சுது. அது மொதக் குடத்தோட வீட்டுக்குள்ள போயிடுது. நீ மிச்சத்தப் புடிச்சு சுத்தம்ங்கிற.”

“உங்க மூக்கக் கழட்டிக் குடுங்க மாமா, லேப்ல மாட்டிக்கிறோம்.”

அன்றே வால்வுக்காரர் யார் உத்தரவும் இல்லாமல் அந்தச் சந்தின் வால்வை மூடினார். மூன்று நாள் திறக்கவில்லை. தண்ணீர் இல்லாத சனம் அவர் ஏழு தலைமுறையையும் தோண்டி எடுத்துத் திட்டித் தீர்த்தது. பொறியாளர், தம்பியின் மூன்று அறிக்கைகளையும் காட்டி அவரை சஸ்பெண்ட் செய்தார். வேலையை விட்டே நீக்கலாமா என்று விசாரணை வைத்தார்.

“உன் கையெழுத்துதான்டா அவரத் தின்னுது” என்றாள் அக்கா. அதற்குமேல் தம்பியோடு பேசவில்லை.

வேறு ஆள் வந்து வால்வை மறுபடி திறந்தபோது தம்பி முதல் வீட்டு வாசலில் போய் நின்றான். குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு தண்ணீரை விட்டது. அந்த முதல் வீச்சையே பிடித்தான். பார்வைக்குப் பளிங்கு மாதிரிதான் இருந்தது. பின்னால் நின்ற பெண், “தள்ளுப்பா” என்று குடத்தை வைத்தாள்.

“வேணாம்மா, இத ஊத்திடுங்க.”

“நீதானே சுத்தம்னு எழுதின?”

அவன் தள்ளி நின்றான். குடம் நிறைந்து உள்ளே போனது.

விசாரணை அன்று காலை அந்தக் குடத்துக்காரப் பெண்ணின் மகன் வாந்தி பேதியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் வால்வுக்காரர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“மூணு அறிக்கையும் உங்களோடதுதானே?” என்றார் பொறியாளர்.

தம்பி பையிலிருந்து, அந்த முதல் வீச்சைப் பிடித்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான். தார் மாதிரிக் கறுத்திருந்தது.

“என்னோடதுதான் சார். ஆனா அவர் மோந்து சொன்னது நெசம். என்கிட்டதான் சொன்னாரு.”