வெண்டலின் புதன்கிழமை மருந்து

பாட்டர் மாவட்டத்து மலைச்சரிவில் இருக்கும் அந்த மரக்குடிலுக்கு மூன்று சொந்தக்காரர்கள்: வெண்டல், அவர் மனைவி நெட்டி, நெட்டியின் அண்ணன் ஐரா. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சிக்கிமுக்கித் துப்பாக்கி வேட்டை தொடங்கும்போது மூவரும் அங்கே கூடுவார்கள். பதினொரு வருடமாக ஒரே விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள். வேறு விஷயம் பேச அவர்களுக்குக் கிடையாது.

குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்குகிற துப்பாக்கி. மான் கிடைக்காமல் சாயங்காலம் திரும்பினால் உள்ளே இருக்கும் மருந்தை என்ன செய்வது? அப்படியே விடு என்பது வெண்டல் கட்சி. பொறி விழும் கிண்ணத்தில் உள்ள பற்றவைக்கும் பொடியைத் தட்டிக் காலி செய்து, குழலின் பக்கத்துளையில் ஒரு வான்கோழி இறகைச் செருகி, குளிர்ந்த வராந்தாவிலேயே சாத்திவிட வேண்டும். உள்ளே அடுப்புச் சூட்டுக்குக் கொண்டுபோனால்தான் குழல் வியர்த்து மருந்து நமுக்கும். சுட்டுத் தீர் என்பது ஐரா கட்சி. தினமும் இருட்டுவதற்குள் ஓர் அடிமரத்தைச் சுட்டு, குழலைக் கழுவி, காலையில் புதிதாகக் கெட்டிக்க வேண்டும். அந்த அடிமரத்தில் இப்போது மரத்தைவிட ஈயம் அதிகம்.

நெட்டிக்குக் கட்சி இல்லை. முதல் இரண்டு நாளிலேயே மானை அடித்துவிடுவதால் அவளுக்கு இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை.

இந்த வருடம் ஐரா இதைக் குடிலின் சட்டமாகவே போட்டுவிடலாம் என்றார்.

"ஒரு நாள் நெஜமாவே மான் வந்து நிக்கும் மாப்ளே. உன் துப்பாக்கி தும்மிட்டுச் சும்மா இருக்கும். அப்ப என்ன பண்ணுவ?"

"எங்க மச்சான் வந்து நிக்கும்? தெனமும் மணியடிச்சாப்பல நீ ஒரு வெடி போடுற. அதைக் கேட்டுட்டு மானெல்லாம் அடுத்த மலைக்குக் குடிபோயிடுச்சு."

கடைசியில் நெட்டி ஒரு தீர்ப்புச் சொன்னாள். புதன்கிழமை வெண்டல் கெட்டித்த மருந்து அப்படியே இருக்கும். சனிக்கிழமை, வேட்டையின் கடைசி நாள், முதல் மான் அவருக்கு. வெடித்தால் சட்டம் கிடையாது. வெடிக்காவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து எல்லோரும் தினமும் சுட்டுத் தீர்க்க வேண்டும். வெண்டல் சம்மதித்தார். வியாழக்கிழமை முழுக்கத் தூறல்.

வெள்ளிக்கிழமை மதியம் ஐரா ரொட்டி வாங்க டவுனுக்குப் போனார். நெட்டி உள்ளே புளித்த முட்டைக்கோஸோடு பன்றிக்கறியை வேகவைத்துக்கொண்டிருந்தாள். வெண்டல் வராந்தாவில் துப்பாக்கியைப் பார்த்தபடி நின்றார். பதினொரு வருடத்து நம்பிக்கை தீர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

துப்பாக்கியோடு விறகு அடுக்குக்குப் பின்னால் போனார். குண்டை இடிக்கும் கோலின் முனையில் திருகாணியை மாட்டி, குண்டில் இறக்கி, உருவி எடுத்தார். குழலைக் கவிழ்த்தார். மருந்து பொலபொலவென்று பனிமேல் கொட்டியது. உப்பு மாதிரி உலர்ந்திருந்தது. தன் கட்சி சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. யாரிடமும் காட்ட முடியாது என்பதுதான் குறை.

அப்போது ஐராவின் வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. வெண்டல் அவசரமாகக் குழல் வாயில் குண்டுக்கான துணியை வைத்தார், குண்டை வைத்தார், இடித்து இறக்கினார். மருந்தை மட்டும் போடவில்லை. கோலில் ஒரு கோடு உண்டு. குண்டு சரியாக உட்கார்ந்தால் கோடு குழல் வாயோடு நிற்கும். அன்று அது கட்டைவிரல் நீளம் உள்ளே போயிருந்தது. கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை. பனியைக் காலால் தள்ளி மூடிவிட்டு, வராந்தாவுக்கு வந்து கொட்டாவி விட்டார்.

சனிக்கிழமை காலை நெட்டி மானைக் கிளப்பக் கீழிருந்து புதர்களைக் கலைத்துக்கொண்டு வந்தாள். மேலே ஹெம்லாக் மரத்தடியில் வெண்டல். இருபதடி தள்ளி, சாட்சியாக ஐரா. எட்டரை மணிக்கு ஒரு பெட்டைமான் வந்து நாற்பது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது.

வெண்டல் விசையை அழுத்தினார். கிண்ணத்துப் பொடியில் பொறி விழுந்து, புஸ்ஸென்று புகை வந்தது. அவ்வளவுதான். மான் திரும்பிப் பார்த்தது. தாமதமாக வெடிக்குமோ என்று ஒரு நிமிடம் குழலை மானை நோக்கியே பிடித்திருந்துவிட்டு, கிண்ணத்தில் மறுபடி பொடி போட்டுச் சுட்டார். புஸ். மூன்றாவது புஸ்ஸுக்கு மான் காத்திருக்கவில்லை.

"நமுத்துப்போச்சு!" ஐராவுக்கு மான் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாப்ளே! இப்ப என்ன சொல்ற?"

 குடிலுக்கு இறங்கும் வழியில்தான் வெண்டலுக்கு மருந்தே போடாத விஷயம் ஞாபகம் வந்தது. 

மேஜைமேல் ஐரா செய்தித்தாளை விரித்தார். "கூழாட்டம் வெளிய வரும் பாரு நெட்டி. ஒரு சீசாவுல போட்டு வச்சுக்குவோம்." குண்டை உருவி எடுத்துவிட்டுக் குழலைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"மருந்து எங்க?"

வெண்டல் யோசித்தார். வாயைத் திறக்காவிட்டால் கட்சி தோற்கும். திறந்தால், கட்சித் தலைவரே கட்சியை நட்டாற்றில் விட்ட கதை வெளியே வரும். கட்சியைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்.

"இல்லாத மருந்து எப்படி மச்சான் நமுக்கும்?"

"அப்ப புதன்கிழமை போட்டது? ஆவியாப் போச்சா?"

"விறகுக்குப் பின்னாடி பனியில கெடக்கு," என்றாள் நெட்டி. "நேத்து விறகு எடுக்கப் போனப்பவே பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?" என்றார் வெண்டல்.

"நீ வேற மருந்து போட்டிருப்பன்னு நெனச்சேன். மனுஷன் அதைக்கூடவா மறப்பான்?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கொட்டுறப்ப மருந்து எப்படி இருந்துச்சு?"

"உப்பாட்டம் உதிர்ந்துச்சு நெட்டி. சத்தியமா."

"அப்புறம் எதுக்குக் கொட்டுன?"

"கொட்டுனாத்தானே தெரியும்."

"தீர்ப்பு தீர்ப்புதான்," என்றார் ஐரா. "வெடிக்கல. சட்டம் போடணும்."

"சட்டம் போடலாம் அண்ணே," என்றாள் நெட்டி. "துப்பாக்கி பாட்டுக்கு மருந்தோட வராந்தாவுல இருக்கட்டும். அதனால ஒரு தொந்தரவும் இல்ல. காலைல நான் எடுத்துக் குடுக்குற வரைக்கும் இவன் அதுகிட்ட போகக் கூடாது. சரின்னா கை தூக்குங்க."

இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று நெட்டியுடையது. மற்றது வெண்டலுடையது.