தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி

நாமக்கல்லில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கு எண்பத்தாறில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த கணக்கு டீச்சர் இசபெல்லா, "மனப்பாடம் வேண்டாம். ஆளுக்கொரு விளையாட்டு செய்யுங்க, புரோகிராம் தானா வரும்" என்று சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்புப் பொன்னாத்தாளுக்குத் தெரிந்ததெல்லாம் லாரிதான். அவள் செய்த விளையாட்டில் லாரி தொப்பூர் இறக்கத்தில் இறங்கும். மெஷின் தன் இஷ்டத்துக்குப் பாறையை உருட்டிவிடும். மோதினால் வண்டி கவிழும். வண்டிக்கு நம்பர் வேண்டாமா? புரோகிராமின் இருபதாவது வரியில் அப்பா சின்னண்ணன் ஓட்டும் லாரியின் நம்பரையே போட்டு வைத்தாள். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

பம்பாய்க்கு லோடு ஏற்றிப்போன சின்னண்ணனிடமிருந்து நாலு நாளாகத் தகவலே இல்லை. லாரி ஆபீசுக்குப் போனும் வரவில்லை. வகுப்பிலோ முப்பது பெண்கள் முறைபோட்டுக்கொண்டு அப்பாவின் வண்டியைக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பொன்னாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். கூட்டாளி சின்னாயிதான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினாள்.

"அது வெறும் நம்பர்மா. மெஷினுக்கு உங்கப்பாவத் தெரியுமா என்ன?" என்றார் டீச்சர். பொன்னாத்தாளுக்குப் புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை.

அன்று சாயங்காலம் யாரும் பார்க்காமல் அந்த வரியை மாற்றினாள். சின்னாயியின் அப்பா மருதாசலத்தின் லாரி பாடி கட்டுவதற்காகப் பட்டறையில் நின்றது. நிற்கிற வண்டிக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று அந்த நம்பரைப் போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் மத்தியானம் பள்ளி வாசலில் சின்னண்ணன் நின்றார். பொன்னாத்தாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மழையில பாலம் ஒடைஞ்சு வண்டி நின்னு போச்சு சாமி. எனக்கு ஒண்ணுமில்ல. நீ போயி சின்னாயியக் கூப்புடு."

"ஏனுங்கப்பா?"

"மருதாசலம் நேத்து மத்தியானமே பட்டறையில இருந்து வண்டிய எடுத்துட்டானாமா. தொப்பூர் எறக்கத்துல பொரண்டு போச்சு. ஆளு பொழைக்கல." சின்னண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மெஷினுக்கு எதுவும் தெரியாது. அது பொன்னாத்தாளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். சின்னாயியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அதற்குள் சின்னாயியே ஓடி வந்துவிட்டாள்.

"மாமா வந்துட்டீங்களா! இனியாச்சும் அழுவாத புள்ள" என்று பொன்னாத்தாளைக் கட்டிக்கொண்டாள்.