மாமனார் பெயருள்ள பை

ஓஷ் நகர ரத்த மையத்தின் ஆய்வகத்தில் தொலைபேசி அடித்தது. பெர்மெட் எடுத்தாள்.

"அக்கா, ஊல்கானுக்கு ஏறவே இல்ல," என்றார் வார்டு டாக்டர் கெமெல். "பை முழுக்க ஏத்தியாச்சு. தட்டணு எண்ணிக்கை அப்படியே கிடக்கு. ஈறுல ரத்தம் நிக்கல."

"பொருத்தம் பாத்துத்தானே குடுத்தோம்."

"அதான். காய்ச்சல் இருக்கு, அதனால ஏறலைன்னு நெனைக்கிறேன். உங்க மேல தப்பு இருக்காது."

பேசி முடித்த பிறகும் அவள் கை தொலைபேசி மேலேயே இருந்தது.

ஊல்கான் பல பிள்ளைகள் பெற்றவள். அந்தக் கர்ப்பங்களில் அவள் உடம்பு அந்நியத் தட்டணுக்களை எதிர்க்கப் பழகிவிட்டது. யார் கொடுத்தாலும் பெரும்பாலும் அழித்துவிடும். அவளுடைய ரத்தத் தெளிநீரான சீரத்தை ஒவ்வொரு கொடையாளியின் தட்டணுவோடும் சோதனைத் தட்டின் தனித்தனிக் குழியில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு விடும் சிவப்பணுக்கள் அடியில் பொட்டாகக் குவிந்தால் கொடுக்கலாம். படர்ந்தால் கூடாது. காலையில் ஒரே குழியில்தான் பொட்டு விழுந்திருந்தது.

ஒருத்தி கொடையாளியின் குழாயை எடுத்துப் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். மற்றவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அந்தப் பெயருக்கான குழியில் விட வேண்டும். படித்தவள் பெர்மெட். விட்டவள் புருல், அவள் கணவனின் தங்கை. ஒரு குழாயில் டோக்டோசுன் என்றிருந்தது. மாமனாரின் பெயர். அவர்கள் வீட்டில் எந்த மருமகளும் அதை வாயால் சொன்னதில்லை. வேறு யாராவது எதிரே நின்றிருந்தால் சொல்லியிருப்பாள். நின்றது அவர் மகள்.

"அடுத்தவர்," என்றாள்.

"எந்த அடுத்தவர்?"

"அதான், நம்ம வீட்டுப் பெரியவர் பேர் உள்ளவர்."

புருல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பாவா? ரத்தம் குடுக்கவா? ஊசியப் பாத்தா குதிரையேறி ஓடிருவாரே!"

பெர்மெட்டும் சிரித்தாள். சிரித்தபடியே எர்மெக் என்பவரின் குழாயையும் நீட்டினாள். எது எந்தக் குழிக்குப் போனது என்று இருவரும் பார்க்கவில்லை.

இப்போது அந்த இரண்டு குழாய்களையும் மறுபடி எடுத்தாள். தானே படித்தாள், உதடு அசையாமல். தானே குழிகளில் விட்டுக் காத்திருந்தாள்.

டோக்டோசுனின் குழியில் சிவப்பு படர்ந்தது. எர்மெக்கின் குழியில் பொட்டு. காலையில் இது தலைகீழாக இருந்தது.

எர்மெக்கின் பை இன்னும், தட்டணு கட்டிக்கொள்ளாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் தட்டில் இருந்தது. புருல் குழிகளை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"அண்ணி, டாக்டரே காய்ச்சல்னுட்டாரு. எர்மெக் பையை அனுப்பிடுவோம். இதையும் ஏத்திப் பாருங்கன்னு சொன்னாப் போச்சு. யாருக்குத் தெரியும்?"

"பொருந்துறவர்னு அடுத்த வாரம் மறுபடி அவரைத்தானே கூப்பிடுவாங்க?"

"எவரை?"

பெர்மெட் தொலைபேசியை எடுத்தாள்.

"எர்மெக் பை வருது. அதை ஏத்துங்க. அதுதான் பொருந்தும். காலைல குடுத்தது தப்பு. என்னாலதான் குழி மாறிப்போச்சு."

டாக்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "காலைல யாரோடது? இனிமே அவரைக் கூப்பிடக் கூடாதுல்ல?"

"டோக்டோசுன்."

"கேக்கல அக்கா."

உரக்கச் சொன்னாள். ஆய்வகம் முழுக்கக் கேட்டது.

"ஊல்கான் புருஷன்கிட்ட காய்ச்சல்னு சொல்லிட்டேனே," என்றார் டாக்டர்.

"வெளியிலதான் உக்காந்திருக்காரு. நானே சொல்றேன்."

புருல் பையை எடுத்து ஆளிடம் கொடுத்து வார்டுக்கு விரட்டினாள். திரும்பி வந்து அண்ணியின் தோளைத் தொட்டாள்.

"பயப்படாதீங்க அண்ணி. அப்பா பேரைச் சொன்னதை வீட்ல சொல்லமாட்டேன்."

பெர்மெட்டுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி உறைத்ததும் காதுவரை சுட்டது.

மேசையில் ஊல்கானின் கணவர் காலையில் கொண்டுவந்த போர்சோக் பலகாரப் பொட்டலம் பாதி காலியாகிக் கிடந்தது. அதைத் தாண்டி நடைக்கூடத்துக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்ல எழுந்தார்.