ஹீரோ கிழிச்ச ஓவியம்

அக்கா மியூசியத்துல ஓவிய நிபுணர். ஒரு டைம் டிராவல் சீரியல்லயும் அதே வேஷத்துல ஒரு சீன் நடிச்சிருந்தா. அதப் பாக்க வீடே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. லென்ஸ வச்சு அவ படகு ஓவியத்தப் பாக்கறப்ப, "ஒன் மூக்குக்கு மட்டும் தனி எபிசோடு போல"ன்னு தம்பி வம்பிழுத்தான்.

அந்தப் படகு ஓவியம் மியூசியத்தோட ஒரிஜினல். அக்கா மாசக்கணக்கா அழுக்கெடுத்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டு, பளபளன்னு ஆக்குனது. கிழிக்கிற சீனுக்கு சீரியல்காரங்க தனியா ஒரு நகல் பண்ணி, பழசாத் தெரியணும்னு டீத்தண்ணி அடிச்சிருந்தாங்க.

அடுத்த சீன்ல ஹீரோ கத்தியால ஓவியத்தக் கிழிச்சான். துணி மடிஞ்சு பின்பக்கம் தெரிஞ்சுது. அதுல அக்கா போட்ட ஒட்டு.

அக்காவுக்குப் புரிஞ்சுபோச்சு. சீரியல்காரங்க பழசாத் தெரிஞ்ச நகலத்தான் ஒரிஜினல்னு நெனச்சு மியூசியம் பெட்டியில வச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. கேலரி வேலை முடியாததால அந்தப் பெட்டிய இன்னும் யாரும் தொறக்கல.

"அம்மா, அது நெஜ ஓவியம்மா."

"அவ்ளோ தத்ரூபமா இருக்குல்லடி" அப்படின்னாங்க அம்மா.

அக்கா சீரியல் டைரக்டருக்கு ஃபோன் போட்டா.

"கிழிஞ்சதா? அத அன்னிக்கே செட்டோட சேத்துக் கொளுத்திட்டோமே மேடம். ஏன், சீன் நல்லா வந்திருக்கா?"

டிவியில ஹீரோ ஒரு நாள் பின்னாடி போய் நின்னான். ஓவியம் முழுசா செவுத்துல தொங்குச்சு.

"பாத்தியா, சரி பண்ணிட்டான்"னு தம்பி கைதட்டினான்.

ஃபோன்ல டைரக்டர் "ஹலோ, மேடம்?"னு கேட்டுட்டே இருந்தாரு.